கலக்காமல் வைத்த சர்க்கரைத் தண்ணீர்

சேசு மரி சூசை துணை

ஏலாக்குறிச்சி
12.8.2024

அன்புப் பேத்தி அனிதா மேரிக்கு உன் அம்மாயி ஞானப்பூ எழுதிக்கொண்டது.

முதலில் நம் வீட்டுப் பிள்ளைகள் சேதி. உன் பெரிய மாமன் மகன் கலையரசன் வி.ஏ.ஓ. பரீட்சையில் முதல் தடவையிலேயே தேறி விக்கிரமங்கலம் பக்கம் வேலையில் சேர்ந்துவிட்டான். போன வாரம் ஜீப்பில் வந்தான். யார் ஜீப் என்று நான் கேட்கவில்லை. அவன் தங்கை கலையரசி பெரம்பலூர் ஆஸ்பத்திரியில் ஸ்டாப் நர்ஸ். அவள் ஊசி போட்டால் போட்டதே தெரியவில்லை என்று கிழவர்கள் அவள் டூட்டி பார்த்து வருகிறார்களாம். உன் அண்ணன் அருள் பிரகாஷ் பெரம்பலூர் புது பஸ் ஸ்டாண்டுப் பக்கம் இருக்கிற பிளக்ஸ் கடையில் இரண்டாவது மெஷின் இறக்கிவிட்டான். ஒரே நாளில் நாலு கல்யாணம், இரண்டு காதுகுத்து, ஒரு கண்ணீர் அஞ்சலி அடித்துக் கொடுக்கிறான்.

அப்புறம் நீ. கடைசியில் எழுதுகிறேன் என்று கோபித்துக்கொள்ளாதே. பந்தியில் பாயசத்தைக் கடைசியில்தான் ஊற்றுவார்கள்.

உன் கட்டுரைக்குப் பரிசு கிடைத்த சேதி பேப்பரில் மாவட்டப் பக்கத்தில் வந்தது. வெட்டி ஜெபப் புத்தகத்துக்குள் வைத்திருக்கிறேன். ஞாயிறு பூசை முடிந்ததும் சாமியார் மைக்கில் உன் பேரைச் சொன்னார். எல்லோரும் கை தட்டினார்கள். கோயிலுக்குள் கை தட்டலாமா என்று யோசித்துக்கொண்டே நானும் தட்டினேன்.

அருள் பிரகாஷ் பத்துக்கு எட்டு அளவில் பிளக்ஸ் அடித்துவந்து பஸ் நிறுத்தத்தில் கட்டிவிட்டான். 'உலகம் வியக்கும் வெப்பக் கதிர் வீராங்கனை' என்று போட்டிருக்கிறது. வாசகம் நான் சொன்னது. போட்டோ அவன் கல்யாணத்தில் எடுத்தது. ஒரே ஒரு குறை. உன் தோள் மேல் ஒரு கை இருக்கிறது, கைக்கு உரிய ஆள் இல்லை. "கைய அழிச்சா தோளும் போயிடும் அம்மாயி" என்றான். அந்தக் கை யாருடையது என்று உனக்குத் தெரியும். என் நாத்தனார் சாந்தி மேரியுடையது. முப்பத்தாறு வருசம் டீச்சர் வேலை பார்த்தவள் இப்போது பஸ் ஏற வருகிறவர்களிடம் எல்லாம், "அது என் கைதான். இவளுக்கு வாய்ப்பாடு சொல்லிக் குடுத்த கை" என்கிறாள்.

அது மட்டும் இல்லை. நாலு பேர் நிற்கும்போது கேட்கிறாள்: "அண்ணி, பிளக்ஸெல்லாம் சரி. புள்ள என்னதான் கண்டுபுடிச்சா? அஞ்சு வருசமா கம்ப்யூட்டர்ல கோடு போடுறான்னு சொல்றாங்களே."

"உனக்குச் சொன்னா வெளங்காது" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். உண்மையில் எனக்குத்தான் விளங்காது. நான் அஞ்சாவது. அவள் டீச்சர். செப்டம்பர் எட்டாம் தேதி மாதா பிறந்தநாளுக்கு உறவு முழுக்க நம் வீட்டுக்கு வரும். அதற்குள் நீ செய்கிற வேலை என்ன என்று எனக்கு எழுது. அஞ்சாவது படித்தவள் சொல்கிற மாதிரியும் இருக்கவேண்டும், டீச்சர் குறை சொல்ல முடியாத மாதிரியும் இருக்கவேண்டும்.

போனில் சொல்லாதே. என் காதுக்கு நீ கத்தவேண்டும், அப்புறம் தெருவே கேட்டுவிடும். கடிதம் என்றால் மறுபடி மறுபடி படிப்பேன்.

அன்புடன்,
அம்மாயி

குவாஹாத்தி
21.8.2024

அன்புள்ள அம்மாயிக்கு,

பிளக்ஸ் படத்தை அண்ணன் அனுப்பினான். இங்கே யாருக்கும் தமிழ் படிக்கத் தெரியாதது என் அதிர்ஷ்டம். சாந்தி ஆயா கை நன்றாகத்தான் விழுந்திருக்கிறது. மோதிரம்கூடத் தெரிகிறது.

என் வேலையைச் சொல்கிறேன். திருமானூர்ப் பக்கம் வெல்லம் காய்ச்சும்போது கொப்பரை அடுப்புக்கு எதிரே நின்றிருக்கிறாய் அல்லவா? காற்று உன் முதுகுப் பக்கத்திலிருந்து அடுப்பை நோக்கி அடித்தாலும் முகம் சுடும். அந்தச் சூட்டைக் காற்று கொண்டுவரவில்லை. நீ அடுப்பைத் தொடவும் இல்லை. அது கதிராக வருகிறது. கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம் என்று வைத்துக்கொள்.

வெறும் காற்றில் அந்தக் கதிர் நேராக வரும். ஆனால் ஒரு பக்கம் அடர்த்தி அதிகமாகவும் மறுபக்கம் போகப்போகக் குறைவாகவும் இருக்கிற கண்ணாடிக்குள் அது நேராகப் போகாது, வளைந்து போகும். வளைந்து போனால் எந்த இடத்தில் எவ்வளவு சூடு சேரும்? அதைக் கண்டுபிடிப்பதுதான் என் வேலை. கம்ப்யூட்டரில் ஒரு கதிரை மயிரிழை அளவு நகர்த்துவேன். அந்த இடத்தில் கண்ணாடி எவ்வளவு அடர்த்தி என்று பார்த்து, கதிரின் திசையை அதற்கேற்பக் கொஞ்சம் திருப்புவேன். பிறகு இன்னொரு மயிரிழை. இப்படி ஒரு லட்சம் கதிர்கள். ஆகவே கோடு போடுகிறேன் என்று சாந்தி ஆயா சொன்னது தப்பில்லை. வளைந்த கோடு போடுகிறேன்.

சொல்வதைவிடக் காட்டிவிடு. அண்ணன் வீட்டில் மீன் செத்துப்போன கண்ணாடித் தொட்டி சும்மா கிடக்கிறது. அதில் முக்கால் அளவு தண்ணீர் ஊற்றி ஒரே ஒரு சொட்டு டெட்டால் விடு, கதிர் கண்ணுக்குத் தெரிவதற்காக. பிறகு இரண்டு கிலோ சர்க்கரையை மெதுவாக அடியில் இறங்கும்படி போட்டுவிட்டு, இரண்டு நாள் தொடாதே. எட்டாம் தேதி மத்தியானம் கதவு ஜன்னலை எல்லாம் சாத்திவிட்டு, திருவிழாக் கடையில் பிள்ளைகள் வாங்குகிற சிவப்பு லேசர் விளக்கைத் தொட்டியின் பக்கவாட்டிலிருந்து, அடியை ஒட்டினாற்போல் அடி. ஒளி வளையும். எப்படி வளைகிறது என்று நான் முன்கூட்டிச் சொல்லமாட்டேன். நீ பார்த்து எனக்கு எழுது.

உன்,
அனிதா

பி.கு. பரிசு கிடைத்த கட்டுரையைப் பார்த்து பிரான்சில் ஒரு பேராசிரியர் இரண்டு வருட வேலைக்குக் கூப்பிட்டிருக்கிறார். இன்னும் உறுதியில்லை. யாரிடமும் சொல்லாதே.

சேசு மரி சூசை துணை

ஏலாக்குறிச்சி
10.9.2024

அன்புப் பேத்திக்கு அம்மாயி எழுதிக்கொண்டது.

மாதா பிறந்தநாள் நல்லபடியாக நடந்தது. முப்பது பேருக்கு மேல் வந்தார்கள். நீ சொன்ன மாதிரியே தொட்டியை வைத்து ஒளி அடித்துக் காட்டினேன். ஒளி வானவில் மாதிரி மேலே எழும்பி வளைந்து போயிற்று. எல்லோரும் அசந்துபோனார்கள். சாந்தி மேரி வாயே திறக்கவில்லை.

அவ்வளவுதான். அதைப் பற்றி வேறு எழுத ஒன்றும் இல்லை.

கறிக்குழம்பில் உப்பு கொஞ்சம் தூக்கல். கலையரசி உனக்கு ஒரு சுடிதார் தைத்து வைத்திருக்கிறாள். பிரான்ஸ் சேதியை நான் யாரிடமும் சொல்லவில்லை, சாமியாரிடம் மட்டும் சொன்னேன். அவர் மைக்கில் சொல்லிவிட்டார்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அம்மாயி

குவாஹாத்தி
4.10.2024

அன்புள்ள அம்மாயிக்கு,

இந்தக் கடிதத்தை மூன்று முறை எழுதிக் கிழித்துவிட்டேன்.

என் கணக்கு தப்பு அம்மாயி. பரிசு வாங்கிய அதே கணக்கு.

என்னோடு ரிமி என்று ஒரு அஸ்ஸாம் பெண் புதிதாகச் சேர்ந்திருக்கிறாள். போன வாரம் என் கம்ப்யூட்டர் கணக்கைப் பழகுவதற்காக ஒரு சின்ன வேலை செய்தாள். கண்ணாடி, அதை ஒட்டி இரண்டு பக்கமும் இருக்கிற சுவர் எல்லாவற்றுக்கும் ஒரே சூட்டைக் கொடுத்து ஓட்டிப் பார்த்தாள். எல்லாமே ஒரே சூட்டில் இருந்தால் ஒன்றிலிருந்து ஒன்றுக்குச் சூடு சேரக்கூடாது. ஒரே அடுப்பில் இருந்து ஒன்றாக இறக்கிய இரண்டு பானையை ஒட்டி வைத்தால் ஒன்று இன்னொன்றைக் கொதிக்க வைக்குமா? என் கணக்கில் வைத்தது. ஒரு சுவர் தானாகச் சூடாகிக்கொண்டே போயிற்று.

"அக்கா, நான் ஏதாவது தப்பா போட்டுட்டேனா?" என்று கேட்டாள். அவள் சரியாகத்தான் போட்டிருந்தாள்.

அடர்த்தி மாறுகிற இடத்தில் கதிரின் திசை மட்டும் மாறாது, பலமும் மாறும். அந்தப் பலத்தை வழி முழுவதும் சரியாகக் கணக்கில் சேர்த்தேன். சுவரிலிருந்து கதிர் கிளம்புகிற இடத்தில் மட்டும் சேர்க்கவில்லை. ஒரே ஒரு வரி. இரண்டு வருடமாக அது என் கண்ணில் படவில்லை. விடை அழகாக வந்தது, நான் சோதிக்கவில்லை.

எனக்கு ஆராய்ச்சியில் வழிகாட்டுகிற சாரிடம் சொன்னேன். "இதை யாரும் கவனிக்கவில்லை. அடுத்த கட்டுரையில் சத்தமில்லாமல் திருத்திக்கொள். பிரான்ஸ் போகிற நேரம் இது" என்றார். கெட்டவர் இல்லை. என் மேல் இருக்கிற அக்கறையில்தான் சொல்கிறார். கட்டுரை வந்த ஆய்வுப் பத்திரிகைக்கு எழுதித் தப்பை ஒத்துக்கொண்டால் பரிசு போகும். பிரான்சும் போகலாம். எழுதாவிட்டால் இன்னொருவர் என் எண்ணை நம்பி ஏதாவது கட்டுவார்.

என்ன செய்வது என்று முடிவு செய்யவில்லை. ஆனால் தயவுசெய்து அந்த பிளக்ஸைக் கழற்றச் சொல். அது அங்கே நிற்கிறது என்று நினைத்தால் சோறு இறங்கவில்லை.

ஒரு விஷயம் மட்டும் ஆறுதல். என் கணக்கு பொய்யானாலும் நம் வீட்டுத் தொட்டியில் ஒளி வளைந்தது பொய்யில்லை. நீ கண்ணால் பார்த்தாய். அதைத்தான் திரும்பத் திரும்ப நினைத்துக்கொள்கிறேன்.

அனிதா

சேசு மரி சூசை துணை

ஏலாக்குறிச்சி
14.10.2024

அனிதா மேரிக்கு,

கடிதம் கிடைத்தது. நீ யாருக்கும் ஒன்றும் எழுதவேண்டாம். உன் சார் படித்தவர், அவர் சொல்வதைக் கேள். முப்பது பக்கக் கணக்கில் ஒரு வரி விட்டுப்போனால் அது ஒரு தப்பா? யாருக்குத் தெரியப்போகிறது? அந்த அஸ்ஸாம் பிள்ளையிடம் நல்லதனமாகப் பேசி வை.

பிளக்ஸ் நிற்கும். பஸ் நிறுத்தத்தில் கழற்றினால் அன்றைக்கே ஊர் கேட்கும். சாமியார் இரண்டு தடவை மைக்கில் சொல்லியிருக்கிறார். சாந்தி மேரி முகத்தில் நான் எப்படி முழிப்பேன்? நம் வீட்டில் முதன்முதலாக விமானம் ஏறி வெளிநாடு போகப்போகிறவள் நீ. வந்ததைக் கையால் தள்ளாதே.

தொட்டியைப் பற்றி எல்லாம் இப்போது நினைத்துக்கொண்டு இருக்காதே. அது கிடக்கட்டும்.

ஞானப்பூ

குவாஹாத்தி
28.10.2024

அம்மாயி,

இன்று காலை பத்திரிகைக்கு எழுதிவிட்டேன். பரிசு கொடுத்தவர்களுக்கும், பிரான்சுக்கும் ஒரு நகல் அனுப்பிவிட்டேன். சார் என்னோடு பேசவில்லை.

நீயாவது எனக்காகப் பேசுவாய் என்று நினைத்தேன். பிளக்ஸ் இருக்கட்டும், கழற்றட்டும், உன் இஷ்டம். கிறிஸ்துமஸுக்கு நான் வரவில்லை. அந்த பஸ் நிறுத்தத்தில் இறங்க என்னால் முடியாது.

அனிதா

சேசு மரி சூசை துணை

ஏலாக்குறிச்சி
24.11.2024

என் தங்கம் அனிதா மேரிக்கு அம்மாயி ஞானப்பூ எழுதிக்கொண்டது.

உன் கடிதம் வந்து இருபது நாளாகிறது. நாலு தடவை பேனா எடுத்தேன். எழுதத் தெரியாமல் இல்லை. எழுதினால் அது நிஜமாகிவிடும் என்று வைத்துவிட்டேன்.

செப்டம்பர் எட்டாம் தேதி ஒளி வளையவில்லை. நேராகப் போயிற்று. ஈர்க்குச்சி மாதிரி இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் வெளியே போய்ச் சுவரில் புள்ளி வைத்தது.

நடந்ததைச் சொல்கிறேன். ஆறாம் தேதி நீ சொன்னபடியே தண்ணீர், டெட்டால், சர்க்கரை எல்லாம் போட்டேன். யாரையும் தொடவிடவில்லை. எட்டாம் தேதி காலையில் உறவுக்காரர்கள் வரத் தொடங்கினார்கள். வருகிறவர்கள் எல்லாம் முதலில் தொட்டியைத்தான் எட்டிப் பார்த்தார்கள். அடியில் சர்க்கரை வெள்ளையாகப் படிந்து கிடந்தது. எனக்கு உடம்பெல்லாம் கூசிற்று. இந்த வீட்டுக்கு வாக்கப்பட்டு வந்து ஐம்பத்திரண்டு வருசம். ஒரு நாளாவது அடியில் சர்க்கரை தங்க ஒருவருக்குக் காப்பி கொடுத்திருப்பேனா? விருந்தாளி பார்த்தால் கரைக்கத் தெரியாதவள் என்று சொல்லமாட்டார்களா? யாரும் பார்க்காத நேரத்தில் குழம்புக் கரண்டியை எடுத்து நன்றாகக் கலக்கிவிட்டேன். நீ இரண்டு நாள் தொடாதே என்றாய். இரண்டு நாள்தான் முடிந்துவிட்டதே, இனிமேல் கலக்கலாம் என்று நினைத்துக்கொண்டேன்.

மத்தியானம் கதவைச் சாத்தி, விளக்கை அடித்தேன். நேராகப் போயிற்று. எங்கே அடித்தாலும் நேராகப் போயிற்று. அப்புறம் சாந்தி மேரிதான், "அண்ணி, வளைச்சல் தெரியல. எனக்குக் கண்ணாடிப் பவர் மாத்தணும்போல" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். "வளையுது, நல்லாப் பாருங்க" என்று கதவைத் திறந்துவிட்டேன். உனக்கு வளைந்தது என்று எழுதிவிட்டேன்.

உன் கணக்கு தப்பு என்று வந்த கடிதத்தில் கடைசி நாலு வரி இருந்ததே, நீ கண்ணால் பார்த்தாய் என்று, அதைப் படித்ததும் கடிதத்தை மடித்து அரிசிப் பானைக்குள் ஒளித்துவிட்டேன். அந்தப் பதட்டத்தில்தான் உன்னை வாயை மூடு என்று எழுதினேன். உன்னைக் காப்பாற்ற எழுதியதாக அப்போது நினைத்தேன். என்னைக் காப்பாற்றத்தான் எழுதியிருக்கிறேன்.

சாமியாரிடம் போய்ப் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சர்க்கரையக் கலக்குனது பாவமில்லம்மா. பொய் சொன்னதுக்கு மூணு அருள் நிறைந்த மரியே சொல்லுங்க" என்றார். முப்பது சொன்னேன். ஆறவில்லை.

போன வாரம் மறுபடி தொட்டியைக் கழுவி வைத்தேன். தண்ணீர், டெட்டால், சர்க்கரை. வீட்டில் இருந்த கரண்டி அத்தனையையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு போய் சாந்தி மேரியிடம் கொடுத்தேன். "எதுக்கு அண்ணி?" என்றாள். "என் கை சும்மா இருக்காது. நீ வச்சிரு" என்றேன். மூன்று நாள் கையால் சோறு அள்ளிப் போட்டுச் சாப்பிட்டேன்.

நேற்று மத்தியானம், அன்றைக்கு வந்தவர்களில் உள்ளூர்க்காரர்கள் எல்லோரையும் மறுபடி கூப்பிட்டேன். பதினேழு பேர் வந்தார்கள். விளக்கை அடிக்கும் முன்னே சொல்லிவிட்டேன். "அன்னைக்கு ஒளி வளையல. நான் வளைஞ்சுதுன்னேன். அது பொய். கலக்கக்கூடாதுன்னு எம் பேத்தி எழுதியிருந்தா, நான் கலக்கிட்டேன். தப்பு அவ சொன்னதுல இல்ல, என் கையில." சொல்லி முடித்து நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன்.

இன்னொன்றும் சொன்னேன். நீ உன் கணக்கில் தப்பு இருக்கிறது என்று உன் கையாலேயே எழுதிக்கொடுத்ததையும், பரிசு போனாலும் போகட்டும் என்று எழுதியதையும் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை.

அப்புறம் விளக்கை அடித்தேன்.

அனிதா, அது வானவில் மாதிரி மேலே போகவில்லை. கீழே தொய்ந்தது. ஈரத்துணி போட்ட கொடிக்கயிறு எப்படித் தொய்யும், அப்படி. நேராக உள்ளே நுழைந்தது, போகப்போகத் தலை குனிந்து சர்க்கரை கெட்டியாக இருக்கிற பக்கம் இறங்கி, அடியைத் தொட்டது. நான் கொஞ்ச நேரம் விளக்கை அணைக்கவே இல்லை. சின்னப் பிள்ளைகள் "இன்னொரு வாட்டி, இன்னொரு வாட்டி" என்றார்கள். அதில் ஒருவன் கையை விடப் போனான், காதைத் திருகிவிட்டேன்.

சாந்தி மேரி எல்லோரும் போன பிறகும் உட்கார்ந்திருந்தாள். எனக்கு அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "அண்ணி, முப்பத்தாறு வருசம் டீச்சரா இருந்தேன். போர்டுல தப்பாப் போட்டுட்டா, அழிச்சிட்டு, 'யாராவது கண்டுபுடிக்கிறீங்களான்னு பாத்தேன்'னு சொல்லிச் சமாளிச்சுருவேன். ஒரு நாளும் தப்புன்னு சொன்னதில்ல. அந்தப் புள்ளைக்கு எங்கேருந்து வந்துச்சு இது?"

"எங்க வூட்டுலேருந்து" என்றேன். அவளும் அந்த வீட்டில்தானே பிறந்தவள், தலையை ஆட்டிக்கொண்டாள்.

பிளக்ஸை இன்று காலை அருள் பிரகாஷை வரச்சொல்லிக் கழற்றியாயிற்று. "என் கைய மட்டுமாவது வெட்டிக் குடுடா" என்று சாந்தி மேரி கேட்டாள். மழைக்காலம், வீணாக்கவில்லை. வைக்கோல் போர் மேல் போர்த்தியிருக்கிறேன். உன் முகம் நனையக்கூடாது என்று உள்பக்கமாகத் திருப்பிப் போடச் சொன்னேன்.

நான் வாயை மூடு என்று எழுதியதை மன்னித்துக்கொள். மன்னிக்க நேரமாகும் என்றால் பரவாயில்லை, காத்திருக்கிறேன். இப்போதுதான் தொடாமல் காத்திருக்கப் பழகியிருக்கிறேன்.

உன் அம்மாயி

குவாஹாத்தி
5.12.2024

என் அம்மாயிக்கு,

உன் கடிதத்தை ஆய்வுக்கூடத்தில் வைத்துப் படித்தேன். கரண்டியைப் பையில் போட்டுக்கொண்டு போன இடத்தில் சிரித்துவிட்டேன். ரிமி என்னவென்று கேட்டாள். மொழிபெயர்த்துச் சொன்னேன். அவளுக்கு உன்னைப் பார்க்கவேண்டுமாம்.

மன்னிப்பை நீ மட்டும் கேட்கக்கூடாது. ஒளி மேலே எழும்பி வளைந்தது என்று நீ எழுதியபோதே எனக்கு உறுத்தியது. சர்க்கரை அடியில் இருந்தால் ஒளி கீழேதான் இறங்கும். அது எனக்குத் தெரியும். ஆனால் நான் உன்னைக் கேட்கவில்லை. வளைந்தது என்பதே எனக்குப் பிடித்திருந்தது. பிடித்த விடை வந்தால் சோதிக்காமல் விடுவதுதான் என் வியாதி போலிருக்கிறது. கணக்கிலும் அதைத்தான் செய்தேன், உன் கடிதத்திலும் அதைத்தான் செய்தேன்.

இங்கே நடந்ததைச் சொல்கிறேன். பத்திரிகை என் திருத்தத்தைத் தனிப் பக்கமாகப் போட்டிருக்கிறது. அந்தத் தவறு என்னுடையது என்று என் பேரோடு இருக்கிறது. பரிசைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். பிரான்சிலிருந்து மரியாதையாக ஒரு கடிதம், இந்த வருடம் இடம் இல்லை என்று. அதைப் படித்த அன்று விடுதியில் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு படுத்துவிட்டேன். வருத்தமில்லை என்று சொன்னால் பொய்.

சார் பதினொரு நாள் பேசவில்லை. பன்னிரண்டாம் நாள் தன் பழைய கணக்குகளை ஒரு கட்டாகக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்து, "அந்த ஒரே சூட்டுச் சோதனையை இதற்கும் செய்து பார்" என்றார்.

விட்ட வரியைச் சேர்த்துவிட்டேன். நேற்று எல்லாவற்றுக்கும் ஒரே சூட்டைக் கொடுத்து ஓட்டினேன். ஒரு லட்சம் கதிரும் வளைந்து வளைந்து போய் வந்தன. சுவர் சும்மா இருந்தது அம்மாயி. ஒன்றுமே நடக்கவில்லை. ஒன்றும் நடக்காததைப் பார்த்து நானும் ரிமியும் கை தட்டினோம்.

மொத்தக் கணக்கையும் மறுபடி ஓட்டவேண்டும். அதனால் கிறிஸ்துமஸுக்கு வர முடியாது. கோபமில்லை, வேலை. மார்ச்சில் வருகிறேன். அதே பஸ் நிறுத்தத்தில் இறங்குகிறேன்.

உன்,
அனிதா

சேசு மரி சூசை துணை

ஏலாக்குறிச்சி
14.12.2024

அன்புப் பேத்தி அனிதா மேரிக்கு அம்மாயி ஞானப்பூ எழுதிக்கொண்டது.

வீட்டுப் பிள்ளைகள் சேதி. கலையரசன் இப்போது சொந்த மோட்டார் சைக்கிளில் போகிறான். ஜீப் தாசில்தாருடையதாம், அதில் ஏறினதற்குத் திட்டு வாங்கினானாம். கலையரசிக்கு மாப்பிள்ளை பேசி வருகிறார்கள். அவன் ஊசிக்குப் பயப்படுகிறவன் என்று கேள்வி, யோசிக்கிறோம். அருள் பிரகாஷ் மூன்றாவது மெஷினுக்குச் சொல்லிவைத்திருக்கிறான்.

கடைசியில் பாயசம். அனிதா மேரி, ஒரு லட்சம் கதிரையும் மறுபடி ஓட்டுகிறவள். தன் கணக்கு தப்பு என்று தானே எழுதி, தன் பேரைப் போட்டுப் பத்திரிகையில் அச்சடிக்க வைத்தவள். இதை நான் இப்படியேதான் எல்லோரிடமும் சொல்கிறேன். நேற்று அரியலூர் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு அம்மாள் தன் பேரன் ஸ்டேட் ரேங்க் என்றாள். "எம் பேத்தி வாங்குன பரிசத் திருப்பிக் குடுத்தவ" என்றேன். திருமானூர் வரும் வரைக்கும் நான்தான் பேசிக்கொண்டு வந்தேன். அடர்த்தி, கதிர், ஒரே சூட்டில் இருக்கிற சுவர், எல்லாம் சொன்னேன். சரியாகத்தான் சொன்னேன் என்று நினைக்கிறேன். தப்பாக இருந்தால் மார்ச்சில் வந்து திருத்து, அந்த அம்மாள் திருமழபாடிக்காரி, தேடிப்போய்ச் சொல்லிவிடலாம்.

சாமியார் போன ஞாயிறு, "அனிதா மேரிக்கு பிரான்ஸ் என்னாச்சு?" என்று என்னிடம் தனியாகக் கேட்டார். "அதையும் மைக்குலயே கேளுங்க சாமி, நான் அங்கேயே சொல்றேன்" என்றேன். கேட்டார். சொன்னேன். இந்தத் தடவை கை தட்டலாமா என்று நான் யோசிக்கவில்லை.

அருள் பிரகாஷிடம் புதுசாக ஒரு பிளக்ஸ் பேசினேன். "பரிசு போனதுக்கெல்லாம் யாரும் பிளக்ஸ் அடிக்க மாட்டாங்க அம்மாயி. தங்கச்சி என்னைக் கொன்னேபோடும்" என்றான். சரி, விட்டுவிட்டேன். பயப்படாதே, பஸ் நிறுத்தத்தில் ஒன்றும் வராது.

ஆனால் கூடத்தில் மாதா படத்துக்குக் கீழே ஒரு ஆணி அடித்து வைத்திருக்கிறேன். கிறிஸ்துமஸுக்கு எல்லோரும் வரும்போது அது வெறும் ஆணியாக இருக்கக்கூடாது. "பழைய படமே இருக்கட்டுமே அண்ணி, அதுல நானும் இருக்கேன்ல" என்கிறாள் சாந்தி மேரி. முடியாது என்றுவிட்டேன்.

புதுசாக ஒரு போட்டோ எடு. உன் கம்ப்யூட்டர் பக்கத்தில் நின்றாலும் சரி, வெளியே மரத்தடியில் நின்றாலும் சரி. தோளில் யார் கையும் வேண்டாம். தனியாக நில். எடுத்து, மடங்காமல் அட்டை வைத்து, உடனே தபாலில் போடு.